ஒன்பது நாற்பத்தேழு

முதலில் அதைக் கணினித் திரையில் ஒட்டியிருந்த அழுக்கு என்றுதான் நயினார் நினைத்தார். கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. படத்தை நகர்த்தியபோது அதுவும் கூடவே நகர்ந்தது. பக்கவாட்டிலிருந்து எடுத்த கல்யாணப் படத்தில், மாப்பிள்ளையின் அப்பா அழகர்சாமியின் இடது காதுக்குப் பின்னால், மேடை இருக்கும் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கலங்கிய ஒரு பச்சை. படம் சிறிதாக இருந்தவரை அது தெரியவில்லை. அப்பா படத்தை ஆல்பத்துல முழுப் பக்கத்துக்கு வையுங்கண்ணே என்று அவர் மகள் செண்பகவல்லி நேற்று போனில் சொன்னதால் இன்று பெரிதாக்கினார், பெரிதாக்கியதால் தெரிந்தது. வாழை மரமாக இருக்கலாம் என்று பார்த்தார். வாழை மேடைக்கு அந்தப் பக்கம். தோரணம் அவ்வளவு கீழே தொங்காது. மதியம் சாப்பிட்ட மோர்ச் சோறு கண்ணை இழுத்தது. இழுத்த கண்ணோடு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, யாரும் சொல்லாமலே, தூக்கத்தில் படி தவறியதுபோல ஒரு உதறல் வந்தது. மணப்பெண் முதலில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பட்டு கிளிப்பச்சை. கூரைப் பட்டு அரக்கு. பச்சையில் சடங்குகள் முடிந்து, உள்ளே போய் அரக்கு கட்டிக்கொண்டு திரும்பிய பிறகுதான் தாலி. பச்சை முன்னால், அரக்கு பின்னால். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கை அடுக்கிவந்த வரிசை அது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் படத்தின் அடியில் கணினி ஒன்பது நாற்பத்தேழு என்று காட்டியது. தாலி கட்டியது ஒன்பது நாற்பதுக்கு. தாலி கட்டி ஏழு நிமிஷம் கழித்து, கூரைப் பட்டில் இருக்க வேண்டிய பெண், அழகர்சாமியின் காதுக்குப் பின்னால் பச்சையாக உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மண்டபத்துக்குள் நுழைந்ததும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஸ்டூடியோக்காரர் ஆல்பர்ட் அண்ணாச்சியும் நயினாரும் ஒரே கடிகாரத்தின் முன்னால் நின்று ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளையாருக்கு முந்தி கடிகாரத்துக்குப் பூசை என்று அண்ணாச்சி கேலி பேசுவார். இரண்டு காமிராவின் நேரமும் ஒத்திருந்தால், பிறகு இரண்டாயிரம் படத்தையும் ஒன்றாகக் கொட்டி நேரப்படி அடுக்கச் சொன்னால் கணினி அடுக்கிவிடும், மனுஷன் உட்கார்ந்து மண்டையை உடைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு எடுக்கவில்லை. முந்தின நாள் சாத்தூரில் ஒரு வரவேற்பு முடித்து, விடியுமுன் பஸ் பிடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கியபோது காமிராவுக்குள் பொத்தான் அளவு இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி செத்து நேரம் அழிந்துபோயிருந்தது. புதியது போட்டார். காப்பிக்காகப் பந்திக் கூடத்தில் நின்றவர் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தார். முள் நகர்ந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓடுகிற கடிகாரத்தை யார் சந்தேகப்படுவார்கள். பந்திக் கூடத்துக் கடிகாரத்தைச் சமையல்காரர்கள் வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைப்பார்கள், அப்போதுதான் இலை போடுகிற நேரத்துக்குச் சாம்பார் இறங்கும் என்பது எல்லாக் கல்யாணக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம், அவருக்கும் தெரிந்த விஷயம், அன்று காலை மட்டும் தெரியவில்லை. எவ்வளவு தள்ளி வைத்திருந்தார்கள்? காலையில் ஒருமுறை கரண்ட் போய், ஜெனரேட்டர் போடும்வரை மண்டபம் இருண்டது. அந்த இருட்டு இரண்டு காமிராவிலும் விழுந்திருந்தது. அண்ணாச்சி காமிராவில் எட்டு இருபத்தொன்று. இவருடையதில் ஒன்பது பதிமூன்று. ஐம்பத்திரண்டு நிமிஷம். விரல் விட்டுக் கழித்தார், பிறகு நம்பிக்கையில்லாமல் கணினியிலேயே கழித்தார். அழகர்சாமி நிமிர்ந்து காமிராவைப் பார்த்தது எட்டு ஐம்பத்தைந்துக்கு.

நாற்பது நாளாக ஏன் கண்ணில் படவில்லை என்றால், மேடைக்குத்தான் வரிசை உண்டு, கூட்டத்துக்குக் கிடையாது. அண்ணாச்சிக்கு மேடை, இரண்டாவது காமிராக்காரனான நயினாருக்குக் கூட்டம். வெற்றிலை போடுகிற கிழவர், தூங்குகிற குழந்தை, கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்து விட்டுக்கொள்கிற அத்தை. இவர்களை முன்னால் வைத்தாலும் ஒன்றுதான், பின்னால் வைத்தாலும் ஒன்றுதான், பக்கத்தில் இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு முகத்தை வைத்து அடைக்கலாம். அப்படி அடைத்த முகம்தான் அழகர்சாமி. மாப்பிள்ளையின் அப்பா, முன்வரிசை நாற்காலி, பார்வை நேராக. தாலி கட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்ததும் மகன் தாலி கட்டுவதை அப்பா பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தானாக அமைந்துவிட்டது. இந்த மாதிரி அமைந்தால் நயினாருக்கு ஒரு சந்தோஷம் வரும், அன்றும் வந்தது, மாதிரியைப் போனில் அனுப்பிவிட்டு ஒரு டீ சொன்னார். நேற்று மத்தியானம் செண்பகவல்லி கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா. தம்பி வேலைக்குத் திரும்பிப் போய்விட்டதால் ஆல்பம் விஷயமெல்லாம் அவள்தான். “அண்ணே, எங்கப்பா படம் எத்தன மணிக்கு எடுத்ததுன்னு பாத்துச் சொல்ல முடியுமா?” அவர் பார்த்தார். “ஒம்பது நாப்பத்தேழும்மா.” நல்லா சொல்லுங்கண்ணே, சத்தமா, என்றாள். “ஒம்பது நாப்பத்தேழு. தாலி கட்டி ஏழு நிமிசம் கழிச்சு.” இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதே என்று ஒரு பெருமையோடு வேறு சொன்னார். போனுக்குள் தூரத்தில், வேறொரு அறையிலிருந்து வருவதுபோல, வயசான பெண்குரல் ஒன்று அழுதது.

அது பாக்கியத்தாய், செண்பகவல்லியின் அம்மா. படம் தேர்ந்தெடுக்க வந்த அன்றே செண்பகவல்லி எல்லாம் சொல்லியிருந்தாள், ஆல்பத்துக்கு வருகிறவர்கள் டாக்டரிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கல்யாணத்தன்று காலை ஒன்பது மணி வாக்கில் அழகர்சாமி மனைவியைக் கூப்பிட்டு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குடி என்றிருக்கிறார். எல்லாரும் பாக்கிறாங்க, மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டு முன்னால உக்காராதீங்க, மாடி ரூம்ல போய்ச் செத்த படுங்க, தாலி கட்டுறப்போ வந்து எழுப்புறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் போனார். இவள் தாம்பூலத் தட்டைக் காணோம் என்று ஓடினாள், சம்பந்தி வீட்டு ஆட்களைப் பார்க்க ஓடினாள், மேளம் கெட்டியாக அடித்தபோது எல்லாரோடும் சேர்ந்து அரிசியை எறிந்தாள். பத்தரைக்கு மாடிக்குப் போனபோது படுத்தபடி இருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. எழுப்புறேன்னு சொன்னேனே, எழுப்புறேன்னு சொன்னேனே என்பதைத் தவிர அதற்குப் பிறகு அவள் வேறு பேச்சில்லை, சோறும் இல்லை, வாயில் ஊட்டினால் ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருப்பாள். நேற்று, போனை வைப்பதற்கு முன்னால், செண்பகவல்லி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அந்தப் படத்தப் பாத்துட்டு அம்மா சோறு கேட்டாங்கண்ணே. கேட்டு வாங்கித் தின்னாங்க. தானா எறங்கி வந்திருக்காரு, பாத்துட்டுத்தான் போயிருக்காருன்னு சொல்லிச் சொல்லித் தின்னாங்க.”

வெளியறையில் ஆல்பர்ட் அண்ணாச்சி யாரையோ பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார வைத்துக்கொண்டிருந்தார். “சார், நாடியக் கொஞ்சம் இறக்குங்க. அவ்வளவு இல்ல. ஏத்துங்க. சார் என்ன, லாரிக்கு ஜாக்கி வச்ச மாதிரி ஒரேயடியா ஏத்துறீங்க?” வந்தவர் சிரித்தார். “சிரிக்கப்படாது. சிரிச்சா வெளிநாட்டுக்காரன் சேத்துக்க மாட்டான்.” “அப்ப எம் பொஞ்சாதியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், சிரிப்பே வராது.” “எனக்குத் தெரியாதா, ஒங்க கல்யாணப் படமும் நாந்தான எடுத்தேன். சரி, காலர். இடது காலர். எனக்கு இடது இல்ல, ஒங்களுக்கு இடது.” காலரை அமுக்கு, தோளை இறக்கு, காதைக் காட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் இந்தச் சொற்களை நயினார் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். குட்டையானவர்கள் முன்னால் வாங்க, உயரம் பின்னால் போங்க, மாமன் வீட்டாள்கள் முதலில் மேடை ஏறட்டும், சித்தப்பா வீடு அப்புறம், இல்லையென்றால் சித்தப்பா வீட்டுக்கு முன்னால் ஏறியதை மாமன் வீடு பத்து வருஷம் ஞாபகம் வைத்திருக்கும். தாசில்தார், போலீஸ்காரர், சண்டியர் யாராக இருந்தாலும் காமிரா முன்னால் சொன்ன சொல் கேட்பார்கள். தலையை இந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னால் சாய்ப்பார்கள். ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. “நயினாரு,” என்று திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். “ஆல்பத்த அஞ்சு மணிக்குள்ள மதுரைக்கு அச்சுக்கு அனுப்பிரணும்யா. இன்னைக்கு விட்டா லேப்ல வரிசை கூடிப்போகும், அடுத்த வாரம் அவன் முகூர்த்தக் கூட்டத்துல நம்மளத் திரும்பிப் பாக்க மாட்டான்.” “அந்தம்மா நாலு மணிக்கு வரேன்னிருக்கு அண்ணாச்சி. பாத்துட்டு அனுப்பிருவோம்.” “என்னத்தப் பாக்க இருக்கு, நீதான் அடுக்கிட்டியே.”

அடுக்கிட்டேன். அடுக்கினது யார், பந்திக் கூடத்துச் சமையல்காரன். இப்போது இந்தப் படத்தை எடுத்து முன்னால் எங்காவது, பச்சைப் பட்டுப் பக்கங்களுக்கு நடுவில் வைத்துவிட்டால் வரிசை சரியாகிவிடும், ஒரு நொடி வேலை. வைத்துவிட்டு, கடிகாரம் தப்பும்மா, நான் சொன்ன மணி தப்பு, அவர் எறங்கி வரலை என்று சொல்ல வேண்டும். அதை அவளிடம் சொல்லலாம், படித்த பெண், அவள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். அப்படியானால் அந்த அம்மாள் மறுபடி சாப்பாட்டை நிறுத்துவது இந்த அறையிலிருந்து ஆரம்பிக்கும். சொல்லாமல் விட்டால்? விட்டாலும் எப்போதாவது யாராவது ஒரு சித்தி, ஒரு பேத்தி, ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே இது என்ன பச்சையா தெரியுது என்று கேட்பாள். பெண்களுக்குப் பட்டு மறக்காது. ஆனால் இவையெல்லாம் அவரை உறுத்தவில்லை, உறுத்தியது வேறு, நேற்றிலிருந்து, ஏன் நாற்பது நாளாகவே, பல்லில் சிக்கிய நார்போல நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. அந்தப் படம் எடுத்தபோது அழகர்சாமிக்கு வேர்த்திருந்தது. நெற்றியில், மேலுதட்டில், மண்டபம் முழுக்க மின்விசிறி ஓடியும் வேர்த்திருந்தது. நயினார் அதைப் பார்த்தார். பார்த்து, வெளிச்சம் பட்டு முகம் மினுக்குகிறதே என்று நினைத்தார். ஐயா, வேர்வையத் துடைச்சுக்கங்க. துண்டால் துடைத்தார். ஐயா, குனிஞ்சிருக்கீங்க, நல்லா நிமிந்து உக்காருங்க. ஒரு கையை நாற்காலிக் கையில் ஊன்றி, மெதுவாக, நிமிர்ந்தார். இங்க பாருங்க. பார்த்தார். கொஞ்சம் சிரிச்ச மாதிரி. அதையும் செய்தார். நெஞ்சுக்குள் என்னவோ நடந்துகொண்டிருக்கிற ஒரு மனுஷனை நிமிர்த்தி, துடைக்கச் சொல்லி, சிரிக்க வைத்துவிட்டு, நன்றிங்கய்யா என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். ஒன்பது நாற்பத்தேழு என்றிருந்தவரை இது அவ்வளவாகத் தெரியவில்லை. தாலி கட்டி முடிந்துவிட்டது, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார், களைப்பாக இருந்திருக்கும் என்று விட்டுவிட முடிந்தது. எட்டு ஐம்பத்தைந்து என்றால் அதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. மனைவியிடம் சொல்வதற்கும் முன்னால். முதலில் பார்த்தவர் நயினார்தான். உடம்பு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மணி எட்டு ஐம்பத்தைந்து, ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி.

இந்த மறதியெல்லாம் வயசு என்று கோமதி சொல்வாள். அவர் மனைவி. ஊர்க் கல்யாணமெல்லாம் ஒங்களுக்கு வரிசையாத் தெரியும், நம்ம கல்யாண நாளு மட்டும் நாஞ் சொன்னாத்தான் தெரியும் என்பாள். அது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை. அவள் கர்ப்பப்பை எடுத்தது வாடகை வீடு மாறுவதற்கு முன்னாலா பின்னாலா என்று போன வாரம் யோசித்து, அவளிடம் கேட்கப் பயந்து, பழைய படங்களைத் திறந்து தேதி பார்த்தார். இனிமேல் தேதியையும் நம்ப முடியாது. எந்தெந்தக் கல்யாணத்தில் எந்தெந்தக் கடிகாரத்தைப் பார்த்து வைத்தோமோ. எத்தனை வீட்டு அலமாரிகளில் முன்னது பின்னதாகக் கிடக்கிறதோ. யாருக்கும் ஒன்றும் ஆகாதவரை அது முன்னது பின்னதே இல்லை. கண்ணை மூடினார். மூடியதும் அந்தப் பச்சை இமைக்குள் வந்து நின்றது. சொல்லிவிடுவது. செண்பகவல்லி தனியாகத்தான் வருவாள், உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடிகாரத்தில் ஆரம்பிப்பது. வேர்வையையும் சொல்வதா? கடிகாரத்தைச் சொன்னால் போதும். இல்லை, அதையும் சொல்லிவிடுவது, அவள் திட்டட்டும், திட்டினால்தான் இது அடங்கும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடையது. ஒன்று வேகமாக ஏறி நின்றது, இன்னொன்று ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறியது. “வாங்கம்மா, வாங்க, பாத்து,” என்று அண்ணாச்சி எழுந்துகொள்வது கேட்டது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு செண்பகவல்லி வந்தாள், அவள் தோளைப் பிடித்தபடி பாக்கியத்தாய். கல்யாணத்தில் பார்த்ததில் பாதியாக இருந்தாள். “வீட்டுல இருங்கன்னேன், கேக்கலண்ணே. நானும் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்.” நயினார் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள், திரையில் பெரிதாக இருந்த புருஷனைப் பார்த்தாள். அழவில்லை. முந்தானையால் தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நயினாரின் கை தானாகப் போய்ப் படத்தை இன்னும் பெரிதாக்கியது. முகம் மட்டும் திரையை நிறைத்தது, காதும் காதுக்குப் பின்னால் இருந்ததும் ஓரத்தில் வெளியே போயின. முகம் நன்றாகத் தெரியட்டும் என்றுதான் செய்தார், அதற்காகத்தானா என்பதை அவரால் சொல்ல முடியவில்லை.

“நீதான் எடுத்தியா தம்பி?”

“ஆமாம்மா.”

“இது தாலி கட்டுனதுக்குப் பெறகுதான?”

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. படம் எடுக்க நிற்பவர்கள் பார்ப்பதுபோல, அவர் என்ன சொல்கிறாரோ அப்படி நின்றுகொள்ளத் தயாராக இருப்பதுபோல இருந்தது. கடிகாரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். கடிகாரம் நாக்கு வரைக்கும் வந்தது.

“பெறகுதாம்மா,” என்றார்.

“ஒங்கிட்ட என்ன பேசுனாரு?”

“பேசலம்மா. வேர்வையத் துடைச்சுக்கங்கய்யான்னு சொன்னேன். துடைச்சாரு. நிமிந்து உக்காருங்கன்னேன், உக்காந்தாரு. கொஞ்சம் சிரிங்கன்னு சொன்னேன்.” திரையிலிருந்த முகத்தைப் பார்த்தார். “சிரிச்சாரு. நான் வேற ஒண்ணும் கேக்கல. கேட்டிருக்கலாம்.”

பாக்கியத்தாய் தலையாட்டினாள். “சொன்னாக் கேட்டுக்கிடுவாரு அந்த மனுசன்,” என்றாள். “எதுன்னாலும் சொன்னாக் கேட்டுக்கிடுவாரு.” திரையில் மேலுதட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள், அங்கே துடைக்காமல் விட்ட ஒரு துளி மினுங்கியது. “இங்க விட்டுட்டாரு பாரு.” பிறகு மகளிடம், வெயில் தாழ்றதுக்குள்ள போயிரணும், காய்கறி வாங்கணும், என்றாள். நாற்பது நாளைக்குப் பிறகு காய்கறி வாங்கப் போகிறவளைப்போல இல்லாமல், தினமும் வாங்குகிறவள்போலச் சொன்னாள். அவள் படியிறங்கும்வரை அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொள்ளக் கூடப் போனார். “மெதுவா, மெதுவா. படியெல்லாம் எங்கப்பன் கட்டுனது, அவருக்குக் கால் நீளம்.”

செண்பகவல்லி போகாமல் நின்றாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, சரி என்று தலையாட்டி, கடைசிப் பக்கம் வரைக்கும் வந்து, அச்சுக்கு அனுப்பலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தவள், கையை எடுக்காமல், “அண்ணே, இருபத்தாறாம் பக்கத்துல ஒரு சின்னப் படம் இருக்கு,” என்றாள். “மேடையிலருந்து கூட்டத்தப் பாத்து எடுத்தது. எல்லாரும் அரிசி போடுறது.”

“ஆமா. அண்ணாச்சி எடுத்தது.”

“அதை எடுத்துருங்க.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். தபால்தலைக்குக் கொஞ்சம் பெரிய படம். அழகுக்காக ஓரத்தில் செருகியது. நூறு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்திருந்தன, அரிசி காற்றில் மஞ்சள் புள்ளிகளாக நின்றது. பெரிதாக்கினார். முன்வரிசையில், நடுவிலிருந்து மூன்றாவதாக, அழகர்சாமி உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், ஒரு பெண்ணின் கைப்பை மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று எறிந்துகொண்டிருந்தார்கள்.

“மூணாவது முடிச்சு நான்தான போட்டேன்,” என்றாள் செண்பகவல்லி. “பொண்ணுக்குப் பின்னால நின்னு. நேரா தெரியும்ணே அங்கருந்து.” கீழே தெருவிலிருந்து பாக்கியத்தாய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “இந்தா வாரேம்மா,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

“முடிஞ்சுதாய்யா, அனுப்பலாமா?” என்று மேலே ஏறி வந்துகொண்டே அண்ணாச்சி கேட்டார். நயினார் முதலில் அழகர்சாமியின் படத்தில், காதை ஒட்டி, பச்சை தெரிந்த ஓரத்தை வெட்டினார். பிறகு இருபத்தாறாம் பக்கத்துக்குப் போய் அந்தச் சின்னப் படத்தைத் தொட்டு அழித்தார். அது இருந்த இடம் ஒரு கணம் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு அதற்குப் பின்னால் இருந்த படங்கள் எல்லாம், யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாக ஓர் இடம் முன்னால் நகர்ந்து நின்றுகொண்டன.